கோர்வைக்கு ஆள் யார்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் தறி ஓடினால் இந்தப் பக்கம் என் காபி டம்ளர் தாளம் போடும்! அன்று காலை சத்தமே இல்லை. என்னவோ ஏதோ என்று ஓடினால்... குடும்பமே உட்கார்ந்து, பெண்ணை காலேஜுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று மாநாடு நடத்திக் கொண்டிருந்தது.

அரசுப் பள்ளியில் படித்த பெண். ப்ளஸ் டூவில் நல்ல மார்க். நுழைவுத் தேர்வுத் தொல்லை 2007-லேயே ஒழிந்தது. 2021-ல் வந்த 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் இடம் கிடைத்தால் ஃபீஸை அரசாங்கமே கட்டிவிடும். 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு!

"அப்புறம் என்னண்ணே தயக்கம்?" என்றேன்.

"கோர்வைக்கு ஆள் யாரு ஸார்?"

அசல் காஞ்சிப்பட்டில் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் பிணைக்க மூன்று நாடா ஓடும். ஓரத்து நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார வேண்டும். இத்தனை வருஷமாக ஸ்கூல் நேரம் போக உட்கார்ந்தது அந்தப் பெண்தான். வெளியாள் வைத்தால் கூலியில் பங்கு போய்விடும்.

கல்யாணப் பட்டு வாங்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என் வீட்டில் தங்கியிருந்த நண்பரும் கூட வந்திருந்தார். "எங்கட நாட்டில 1945-லயே இலவசக் கல்வி வந்திட்டுது. பல்கலைக்கழகத்துக்கும் காசில்லை. ஆனா இடம் கிடைக்கிறதுதான் பெரும்பாடு!" என்றார். தகுதி பெறுகிறவர்களில் பெரும்பாலோர் வெளியே நிற்கிறார்களாம். 1970-களில் தரப்படுத்தல் வந்தபோது தமிழ்ப் பிள்ளைகள் கூடுதல் மார்க் வாங்க வேண்டியிருந்ததைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

பேப்பர் படிக்கிற திமிரில் நான் சீனாவுக்குப் பாய்ந்தேன். 1999-லிருந்து அங்கே காலேஜ் இடங்களை மளமளவென்று கூட்டினார்கள். 2023-ல் உயர்கல்விச் சேர்க்கை 60 சதவிகிதம். இந்தியாவில் 2021-22 கணக்குப்படி 28.4. தமிழ்நாடு மட்டும் 47! ஆனால் சீனாவில் ஃபீஸ் உண்டு.

சிங்கப்பூரோ 1992-ல் கைத்தொழில் படிப்புக்கென்றே ஐ.டி.இ. என்று தனி நிறுவனம் தொடங்கியது. அங்கே படித்து பாலிடெக்னிக்குக்கும், அதற்கு மேலும் போகலாம்.

"அப்ப என் தறியையும் படிப்புன்னு ஒத்துக்குவாங்களா ஸார்?" என்றார் நெசவாளர். எல்லாரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

பேச்சை மாற்ற சரித்திரத்துக்குத் தாவினேன். பல்லவர் காலத்தில் இந்த ஊர்க் கடிகை பெரிய கல்விச்சாலை. படிக்க வந்த மயூரசர்மன் பல்லவக் குதிரைவீரனோடு சண்டை போட்டு, கோபித்துக்கொண்டு போய்க் கதம்ப ராஜ்யத்தையே ஸ்தாபித்தான் என்று தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. காஞ்சிக்காரரான தர்மபாலர் நாளந்தாவுக்கே தலைவரானார்.

"நான் ராஜ்யமெல்லாம் கேக்கல மாமா. நாடாவைப் பார்த்தாச்சு, கம்ப்யூட்டரையும் பார்த்துடறேனே!" என்றது பெண்.

யோசித்துப் பார்த்தேன். இலங்கை ஃபீஸை எடுத்தது, இடம் போதவில்லை. சீனா இடத்தைக் கூட்டியது, ஃபீஸ் வாங்குகிறது. நாம் இரண்டையும் ஓரளவு கவனித்துவிட்டோம். ஆனால் படிக்கப் போகிற பிள்ளை வீட்டில் விட்டுப்போகும் வேலைக்கு யார் வருவது? அந்த 1,000 ரூபாய் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் சரியாகிவிடும். கோர்வைக்கு எட்டாது.

கவுன்சலிங்கில் காரைப்பேட்டை அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரியிலேயே இடம் கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே போய் வரலாம்! அப்பா கோர்வையை நிறுத்திவிட்டு, தனியாளாக நெய்யக்கூடிய சேலைக்கு மாறிவிட்டார். கூலி குறைவுதான்.

"கஷ்டமா இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"நாலு வருஷம்தானே ஸார்? பாவு போட்டுட்டா முடிக்காம தறியை விட்டு இறங்கலாமா?"

என் காபி டம்ளர் மறுபடி தாளம் போடுகிறது. மூன்று நாடாச் சத்தம்தான் ஒன்றாகிவிட்டது.