ஸ்லோ குக்கர்: உங்கள் வீட்டுக்குத் தேவைதானா?

ரமளான் நெருங்கும்போது சமையலறைச் சாமான்களின் விளம்பரங்களும் கூடவே வந்துவிடுகின்றன. ஏர் ஃப்ரையர், மல்டி குக்கர் வரிசையில் இப்போது ஸ்லோ குக்கரும் நம் வீடுகளில் பேச்சாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், "ஊருக்கு வரும்போது ஒன்று வாங்கி வரட்டுமா, உம்மா?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன், இந்தப் பாத்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

எப்படி வேலை செய்கிறது?

கனமான பீங்கான் சட்டி ஒன்று. அதைச் சுற்றி மின்சாரத்தில் சூடாகும் உறை. மேலே ஒரு கண்ணாடி மூடி. 'லோ', 'ஹை', 'வார்ம்' என்று ஒரு திருகு. பெரும்பாலான ஸ்லோ குக்கர்கள் இவ்வளவுதான். 'லோ'வில் வைத்தாலும் 'ஹை'யில் வைத்தாலும் உணவு கடைசியில் கொதிநிலையை ஒட்டிய சூட்டைத்தான் அடைகிறது. அங்கே போய்ச் சேரும் நேரம்தான் வேறு. 'ஹை'யில் 4 மணி நேரத்தில் வேகும் கறி, 'லோ'வில் சுமார் 8 மணி நேரம் எடுக்கும்.

ஆட்டுக்கால், நெஞ்செலும்பு, தொடைக்கறி போன்றவற்றில் உள்ள சவ்வும் நரம்பும் நீண்ட நேர மிதமான சூட்டில் கரைந்து பசையாகிவிடும். பாயாவை விரலில் தொட்டால் ஒட்டுவது இதனால்தான். அந்தக் காலத்தில் விறகடுப்புத் தணலில் மண்சட்டியை இரவு முழுக்க விட்டுவைத்தபோது நடந்ததும் இதுவே.

இந்தச் சாதனம் பிறந்த கதையும் அப்படிப்பட்டதுதான். சனிக்கிழமை ஓய்வுநாளில் அடுப்பு மூட்டாத யூதக் குடும்பங்கள், வெள்ளி மாலையே சட்டியை ரொட்டிக்கடை அடுப்பின் மீதிச்சூட்டில் வைத்துவிடுவது வழக்கம். லித்துவேனியாவில் தன் முன்னோர் அப்படிச் சமைத்ததைக் கேள்விப்பட்ட இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் இதை வடிவமைத்து, 1940-ல் காப்புரிமை பெற்றார். 1971-ல் 'கிராக் பாட்' என்ற பெயரில் அது பரவலாகச் சந்தைக்கு வந்தது. ஆள் நிற்காத நேரத்தில் அடுப்பு வேலை நடக்க வேண்டும் என்பதே அன்றும் இன்றும் இதன் நோக்கம்.

பணம் மிச்சமாகுமா?

ஆகாது. சிறிய ஸ்லோ குக்கர் ஒன்று சுமார் 200 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். தினமும் சமைத்தால் இரண்டு மாதத்தில் 96 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் ஏறக்குறைய இதற்கே போய்விடும். வாரம் இரண்டு முறை மட்டும் என்றால் செலவு பெரிதில்லை.

நேரமும் மிச்சமாகாது. பிரஷர் குக்கரில் ஒரு கிலோ ஆட்டுக்கறி அரை மணி நேரத்தில் வெந்துவிடும். பாயாவுக்குக்கூட ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். நல்ல பிரஷர் குக்கர் இருக்கும் வீட்டில், கறி மெத்தென்று வேக வேண்டும் என்பதற்காக மட்டும் இன்னொரு சாமான் வாங்கத் தேவையில்லை.

அப்படியானால் எதுதான் மிச்சம்?

அடுப்படியில் நிற்பதுதான். விசில் எண்ண வேண்டாம், கிளற வேண்டாம், அடிப்பிடிக்குமோ என்று எட்டிப் பார்க்க வேண்டாம்.

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், வதக்கிய வெங்காயம், இஞ்சி பூண்டு, கொத்துக்கறி எல்லாவற்றையும் ளுஹர் தொழுகைக்குப் பிறகு போட்டு 'ஹை'யில் வைத்தால், மஃரிபுக்கு முன் கஞ்சி குழைந்து தயாராக இருக்கும். தேங்காய்ப்பாலை மட்டும் கடைசி அரை மணி நேரத்தில் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் திரிந்துவிடும். நோன்பு வைத்துக்கொண்டு அஸருக்குப் பின் அனலில் நிற்கும் பெண்ணுக்கு இது பெரிய ஆறுதல்.

சஹரும் அப்படித்தான். தராவீஹ் முடிந்து வந்து கறி ஆணத்தை 'லோ'வில் வைத்தால், எழும்போது சுடச்சுட இருக்கும். சோறு மட்டும் வடித்தால் போதும். வீட்டில் எல்லோருக்கும் முன்பாக எழுபவருக்கு அரை மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளிலும், பல் இல்லாத முதியவர்களுக்குக் குழைவான உணவு தேவைப்படும் வீடுகளிலும் இது உதவும்.

பிரியாணிக்கு உதவாது. மீன் உடைந்துவிடும். பிராய்லர் கோழி நேரம் கூடினால் நார் நாராகப் போய்விடும். குர்பானி இறைச்சியை மொத்தமாகச் சமைக்கவும் இதில் இடம் போதாது.

கவனிக்க வேண்டியவை

மின்வெட்டு: நம் ஊரில் முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். திருகு வைத்த மாடல்கள் கரண்ட் வந்ததும் தானாகவே மறுபடி ஓடத் தொடங்கும். இரவில் எத்தனை மணி நேரம் நின்றிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பாதி சூட்டில் கிடந்த இறைச்சியில் கிருமி பெருகும். அதில் சில கிருமிகள் விடும் நச்சு, திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது. விழித்திருக்கும்போது கரண்ட் போனால் உடனே அடுப்புக்கு மாற்றுங்கள். தூங்கும்போது நெடுநேரம் நின்றுவிட்டது தெரிந்தால் கொட்டிவிடுவதே பாதுகாப்பு. அடிக்கடி மின்வெட்டு உள்ள ஊரில் இரவுச் சமையலுக்கு இதை நம்ப வேண்டாம்.

ராஜ்மா: குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் 30 நிமிடம் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே ஸ்லோ குக்கரில் போட வேண்டும். பச்சை ராஜ்மாவில் உள்ள நச்சு மிதமான சூட்டில் அழியாது. கடும் வாந்தியை உண்டாக்கும்.

ஃப்ரீசர் இறைச்சி: உறைந்த நிலையில் அப்படியே போடக் கூடாது. முந்தைய நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைநிலை போன பிறகு போடுங்கள்.

மூடியும் தண்ணீரும்: அடிக்கடி மூடியைத் திறந்தால் சூடு வெளியேறி, ஒவ்வொரு முறையும் 20 நிமிடமாவது தாமதமாகும். நீர் அதிகம் ஆவியாகாது. ஆகவே வழக்கத்தைவிடக் குறைவாக ஊற்றுங்கள்.

முடிவு செய்வது எப்படி?

போன மாதம் உங்கள் வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்பில் இருந்த சமையல் எத்தனை முறை நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். வாரம் ஒரு முறைகூட இல்லையென்றால் ஸ்லோ குக்கர் பரணுக்குத்தான் போகும். வாங்கி வைத்துப் பயன்படுத்தாத பொருளும் வீண்விரயம்தான். மின்சார பிரஷர் குக்கர் ஏற்கெனவே இருந்தால், அதில் 'ஸ்லோ குக்' பொத்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல மாடல்களில் உண்டு.

வாங்குவதென்றால் நான்கு பேர் குடும்பத்துக்கு 3.5 லிட்டர் அளவு போதும். அமெரிக்காவில் இருந்து கொண்டுவருவதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்குள்ளவை 120 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கெட்டுவிடும்.

இன்னொன்று. இதை வாங்கிக் கொடுக்க நினைப்பவர் பெரும்பாலும் சமைப்பவராக இருப்பதில்லை. பணமும் நேரமும் மிச்சமாகாத ஒரு சாமானுக்கு, நிற்கும் கால்களின் வலி தெரிந்தவர்தான் விலை சொல்ல முடியும். ஆகவே முடிவை வீட்டில் சமைப்பவரிடமே விட்டுவிடுங்கள். அவர் "வேண்டாம், சஹருக்கு நீங்களும் என்னோடு எழுந்து உதவினால் போதும்" என்று சொன்னால், அதுவும் சரியான பதில்தான்.