மூச்சின் கதை – 14: ரத்தத்தில் கிடைத்த துப்பு

1933 ஏப்ரல் 5-ம் தேதி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட ஒரு மகப்பேறு மருத்துவரின் இடது நுரையீரலை முழுவதுமாக எடுத்தார். அந்த நோயாளி 1963 வரை வாழ்ந்தார். அறுவை செய்த கிரஹாமோ 1957-லேயே நுரையீரல் புற்றுநோய்க்குப் பலியாகிவிட்டார்.

அந்த நோயாளிக்கு நோய் திரும்பாது என்று அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. இன்றும் அறுவை முடிந்ததும் குடும்பத்தார் கேட்பது அதைத்தான்: "டாக்டர், இனிமே வராதுல்ல?"

மருத்துவர் முதலில் பார்ப்பது ஸ்டேஜ். கட்டி ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை என்றால், 100 பேரில் சுமார் 90 பேர் அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் வரையுள்ள கட்டிக்கு அது சுமார் 73 ஆகக் குறைகிறது. ஆனால் இது கூட்டத்தின் கணக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கம் என்று இதிலிருந்து தெரியாது.

பயாப்சி ரிப்போர்ட் இன்னும் கொஞ்சம் சொல்லும். கட்டி நுரையீரலின் உறையைத் துளைத்திருக்கிறதா, கட்டியைவிட்டு விலகிய செல்கள் பக்கத்துக் காற்றறைகளுக்குள் சிதறிக் கிடக்கின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் தேடுகிறார்கள். இரண்டில் எது இருந்தாலும் ஆபத்து கூடுகிறது. ஆனாலும் அது வெட்டியெடுத்த சதையின் சாட்சியம்தான். நோய் திரும்புவதற்குக் காரணம், அறுவைக்கு முன்பே உடம்பின் வேறொரு மூலைக்குப் போய்ப் பதுங்கிவிட்ட செல்கள். ஸ்கேனில் தெரியும் அளவுக்கு அவை வளர்வதற்குள் கோடிக்கணக்கில் பெருகியிருக்கும்.

அவற்றை ரத்தத்தில் தேடலாமா என்று பார்த்தது, 2014-ல் பிரிட்டனில் சார்லஸ் ஸ்வான்டன் தலைமையில் தொடங்கிய டிரேசர்எக்ஸ் ஆய்வு. ஒரே கட்டியின் பல இடங்களிலிருந்து துண்டுகள் எடுத்து, அந்தக் கட்டிக்கே உரிய மரபணுப் பிழைகளைப் பட்டியலிட்டார்கள். பிறகு அதே பிழைகளைச் சுமந்த டிஎன்ஏ துணுக்குகள் நோயாளியின் ரத்தத்தில் மிதக்கின்றனவா என்று தேடினார்கள். 2017-ல் வந்த முடிவு புற்றுநோய் மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. நோய் திரும்பிய 14 பேரில் 13 பேரின் ரத்தத்தில் துப்பு கிடைத்திருந்தது. அதுவும் ஸ்கேன் உறுதிசெய்வதற்கு இடைநிலை அளவாக (median) 70 நாட்கள் முன்பே.

இதே ஆய்வில் இருந்த இன்னொரு தகவலை நாம் மறக்கக் கூடாது. அறுவைக்கு முன், கட்டி உடலில் இருந்தபோதே எடுத்த ரத்தத்தில், ஸ்குவாமஸ் என்ற நுரையீரல் புற்றுநோய் வகைக்காரர்களில் 97 சதவீதம் பேருக்கு இந்த டிஎன்ஏ தென்பட்டது. அடினோகார்சினோமா வகையில் வெறும் 19 சதவீதம். புகைபிடிக்காதவர்களுக்கு அதிகம் வருவது இந்த இரண்டாவது வகைதான். ஆகவே 'ரத்தத்தில் ஒன்றுமில்லை' என்ற ரிப்போர்ட்டை 'நோயில்லை' என்று படிப்பது பெரிய பிழை. 2025-ல் அதே ஆய்வில் இன்னும் நுட்பமான சோதனை வந்தபோது 19 என்பது 81 ஆனது. அப்போதும், முதல் ஸ்டேஜில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது எதையும் காணவில்லை.

சரி, 70 நாட்கள் முன்பே தெரிந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது? செய்ய ஒரு சிகிச்சை இருந்தால் அது வரம். இல்லாவிட்டால், அச்சத்தோடு வாழும் நாட்களில் 70 கூடுகிறது, அவ்வளவுதான். முன்கணிப்பின் உண்மையான பயன் வேறு பக்கம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஈஜிஎஃப்ஆர் மரபணுப் பிழை உள்ளவர்களுக்கு, அறுவைக்குப் பின் மூன்று ஆண்டுகள் வரை ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுத்துப் பார்த்தது அடாரா ஆய்வு. ஐந்து ஆண்டுகள் கழித்து மாத்திரை பெற்றவர்களில் 88 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 78 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். பெரிய வெற்றி. ஆனால் பெறாதவர்களிலும் நோய் திரும்பாமலே இருந்தவர்கள் உண்டு. அவர்களைப் போன்றவர்களை முன்கூட்டியே அடையாளம் காண முடிந்தால், மூன்று வருடப் பக்கவிளைவுகளும் கையைக் கடிக்கும் மருந்துச் செலவும் அவர்களுக்கு இருக்காது.

அந்த மாத்திரை பிறந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)