காய்ந்த பசையால் குப்பைக்குப் போகும் கணினிகள்

புதுதில்லி: 2024 மே 29 அன்று தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. இத்தகைய கோடையில், குளிர்சாதன வசதியற்ற சிறு அலுவலகங்களின் பழைய கணினிகள் திணறிப்போகின்றன. 100 டிகிரியை நெருங்கும்போது பிராசசர் பலவும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். வெப்பம் மேலும் ஏறினால் கணினி அணைந்துவிடும். “ஆயுள் முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள்” என்ற தீர்ப்பு வழங்கப்படுவது அப்போதுதான். பல நேரங்களில் முடிந்துபோனது கணினியின் ஆயுளல்ல. பிராசசருக்கும் அதன்மேல் பொருத்தப்பட்ட ஹீட்சிங்குக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் எனும் பசையின் ஆயுளே.

வழவழப்பாகத் தோன்றும் இவ்விரு உலோகப் பரப்புகளும் உண்மையில் நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்டவை. பள்ளங்களில் தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு போன்ற துகள்களைக் கலந்து செய்யப்படும் பசை, அக்காற்றை வெளியேற்றி அவ்விடத்தை நிரப்புகிறது. காற்றைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தினாலும் அலுமினியத்துக்கோ செம்புக்கோ அது ஈடாகாது. ஆகவே, சுவருக்குச் சாந்து பூசுவதுபோல் அப்புவது வெப்பத்தை மறிக்கவே செய்யும். பட்டாணி அளவு போதும்.

பழைய பசையின்மேல் புதிதைப் பூசுவதும் தவறு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் முற்றிலும் துடைத்தெடுத்து, நடுவில் ஒரு துளி வைத்து, ஹீட்சிங்கை நேராக அழுத்தி, திருகுகளை எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். புதிய ஹீட்சிங் சிலவற்றில் ஆலையிலேயே பசை பூசப்பட்டிருக்கும்; அதற்கு மேற்பூச்சு தேவையில்லை. ஒட்டும் பட்டைகளாக வரும் தெர்மல் பேட், இடைவெளி சற்று அதிகமுள்ள நினைவகச் சில்லுகளுக்கே பெரிதும் பொருந்தும். அதன் பாதுகாப்புத் தாளை உரிக்க மறப்பவர்களும் உண்டு.

தெற்குத் தில்லி நேரு பிளேஸ் சந்தையின் பழுதுபார்ப்போருக்கு இது சில நிமிட வேலை. ஆனால் அரசின் விதிகள் பெரிதும் பேசுவது பொருள் கழிவான பின்னர் நடக்க வேண்டியதைப் பற்றியே. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைக்கின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்கு வழிவகை காண நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில்தான் குழு அமைத்தது.

இதற்கிடையே, கழித்துக்கட்டப்பட்ட கணினிகள் வடகிழக்குத் தில்லியின் சீலம்பூருக்கு வந்து சேர்கின்றன. அங்கு தொழிலாளர்கள் சுத்தியலும் திருப்புளியும் கொண்டு அவற்றைப் பிரித்து, செம்பையும் அலுமினியத்தையும் தனித்தனியே குவிக்கிறார்கள். ஹீட்சிங் எடைக்குப் போகிறது.