கால் எட்டும் ஸ்க்ரம்ளர்

ஈச்சிலம்பற்றில் தார் வீதியை விட்டு இறங்கினால் மணலும் சேறும்தான். ஸ்க்ரம்ளர் வாங்க விரும்பும் சகோதரர்கள் சிலர், கால் எட்டாதே என்று தயங்குகிறார்கள். வாங்கிய பின் சரிந்து காலை முறிப்பதைவிட, வாங்குமுன் தயங்குவது நல்லதே.

முதலில் சீற்றின் உயரத்தைக் கேளுங்கள். யமஹா செரோ 225 இல் அது 810 மில்லிமீற்றர். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இல் 823. ஹோண்டா எக்ஸ்ஆர் 250 பாஜாவில் 870க்கும் மேல்.

உயரம் மட்டும் கணக்கல்ல. ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 இன் சீற் 800தான். எடையோ 190 கிலோவுக்கு மேல். மணலில் சரிந்தால் தாங்குவது கடினம். செரோ மிக இலகுவானது.

இரண்டு பாதமும் முழுதாகப் பதிய வேண்டியதில்லை. ஏறி அமர்ந்ததும் ஷொக் சற்று இறங்கும். சீற் ஒடுக்கமானால் கால் நேராக இறங்கும். ஒரு பாதம் நன்கு ஊன்றினால் போதும். மீன்பெட்டி கட்டுபவர்கள் அந்தச் சுமையோடே ஓட்டிப் பாருங்கள்.

இன்னும் எட்டாவிட்டால் சீற் பஞ்சைச் செதுக்கலாம். பின் ஷொக்கை இறக்கினால் முன்பக்கத்தையும் இறக்கி, ஸ்டாண்டையும் குறைக்க வேண்டும். அடியில் கல் தட்டும். பாவித்த வண்டியில் இந்த வேலை நடந்திருந்தால் விற்பவர் சொல்லிவிட வேண்டும். குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இராது.