இலையைத் திருப்பிப் பாருங்கள்

மும்பையில் தோட்டம் போட இடம் ஏது? ஆனாலும் தாராவிச் சந்துகளில் எண்ணெய் டின்னில் துளசி வளர்கிறது. செம்பூர் பால்கனியில் கறிவேப்பிலை நிற்கிறது. மாட்டுங்காவில் செம்பருத்தி பூக்கிறது.

ஒரு நாள் பார்த்தால், செம்பருத்திக் கொம்பில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். அது பஞ்சு அல்ல, மாவுப்பூச்சி. செடியின் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும். இலை சுருங்கும். மொட்டு உதிரும். உடனே கடைக்கு ஓடி மருந்து வாங்கத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். அது மருந்து அல்ல, விஷம். வீடோ ஒரே அறை. அதிலேதான் அடுப்பு, தண்ணீர்க் குடம், தவழும் குழந்தை. விஷப் புட்டியை எங்கே வைப்பீர்கள்?

விஷத்துக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற பேதமும் கிடையாது. இதைத் தமிழ்நாட்டு விவசாயிகள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் பாழாயின. விஷம் அடித்தும் பூச்சி அடங்கவில்லை. அதன் உடம்பின் மேல் மெழுகுப் போர்வை இருக்கிறதே! 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டு வந்தார்கள். பெங்களூரில் வளர்த்து வயல்களில் விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். பூச்சி வெகுவாகக் குறைந்தது. விஷம் அடித்த வயலில் குளவியும் செத்துவிடும் அல்லவா? அதனால் விஷத்தை நிறுத்தச் சொன்னார்கள்.

நம் தொட்டிக்கு என்ன செய்யலாம்? வாரம் இரண்டு முறை இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி கொஞ்சமாக இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அதிகம் இருந்தால் அந்தக் கொம்பை வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அப்படியும் போகவில்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்ப எண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் விட்டு நன்றாகக் கலக்குங்கள். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் தெளியுங்கள். வாரம் ஒரு முறை போதும்.

எறும்பையும் கவனியுங்கள். மாவுப்பூச்சியின் கழிவு இனிக்கும். அதற்காக எறும்பு, மாடு மேய்ப்பவர் போல, பூச்சியைக் காவல் காக்கும். தொட்டியின் வெளிப்பக்கம் சுற்றிலும் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. சிலர் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார்கள். மும்பையில் அது வேண்டாம். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டை இடும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள். நெளிந்தால் அது வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் எடுத்துவிடலாம். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டைக் கண்டால் மட்டும் விட்டுவிடுங்கள். அது அசுவினிப் பூச்சியைத் தின்னும்.

மழை மாதங்களில் பூச்சியை விட ஈரம்தான் பெரிய தொல்லை. டின்னின் அடியில் ஓட்டை இல்லாவிட்டால் வேர் அழுகும். செடிகளை நெருக்கி வைக்காதீர்கள், காற்று போகட்டும். களை முளைத்தால் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்குங்கள். ஈர மண்ணில் அது சுலபமாக வரும். கோரை மட்டும் அப்படி வராது. அதன் கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். கிளறித் தேடி எடுக்க வேண்டும்.