அந்தக் கட்டைவிரல் யாருடையது?

கண்ணாடித் துண்டில் சால்டரிங் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். உருகிய ஈயம், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடியது!

"நேரா ஒட்டாதுண்ணே... நடுவுல தரகர் வேணும்" என்று சிரித்தான் குரோம்பேட்டையில் என் எதிர்வீட்டுத் தம்பி. கண்ணாடி, பீங்கான் வில்லைகளுக்கு உலோகப் பூச்சு போடும் ஒரு சின்னப் பட்டறையில் அவனுக்கு வேலை. நானோ பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி எதுவும் தெரியாது. ஒரு சாயந்திரம் கூட்டிப் போய்க் காட்டினான்.

கவிழ்த்து வைத்த பெரிய ஜாடி. உள்ளே வில்லைகள். பம்ப் காற்றை உறிஞ்ச உறிஞ்ச, கோடியில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பிறகு மின்சாரத்தால் உலோகத்தைச் சூடேற்றினால், அது ஆவியாகி வில்லை மேல் பனி மாதிரி படிகிறது.

முதலில் குரோமியம். குரோம் லெதர் கம்பெனியால்தானே நம்ம குரோம்பேட்டைக்கே பேர் வந்தது! அங்கே குரோமிய உப்பு தோலைப் பதப்படுத்தியது. இங்கே குரோமியம், கண்ணாடியில் உள்ள ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் சால்டருக்குக் குரோமியத்தைப் பிடிக்காது. அதனால் அதன்மேல் நிக்கல். 183 டிகிரியில் உருகும் வெள்ளீய-காரீய சால்டர் இதோடு சேர்ந்துகொள்ளும். காற்றுப் பட்டு நிக்கல் கெடாமலிருக்க மேலே துளி தங்கம். சால்டர் பட்டதும் தங்கம் கரைந்துபோகும், முகூர்த்தம் முடிந்த மேக்கப் மாதிரி! மூன்றையும் காற்றை உள்ளே விடாமல் ஒரே மூச்சில் போட வேண்டும். மொத்தப் பருமன் ஒரு மைக்ரான் சுமார். தலைமுடியே 70 மைக்ரான்!

பத்து நாள் கழித்துத் தம்பி முகம் தொங்கிப் போய் வந்தான்.

"மெமோ குடுத்துட்டாங்கண்ணே. சால்டர் பண்ணதும் ஆறு வில்லையில பூச்சு உரிஞ்சு வந்துடுச்சு. நான் சரியா கழுவலையாம்."

உரிந்த ஒரு வில்லையைக் காட்டினான். உரிந்த இடம் அச்சு அசலாக ஒரு கட்டைவிரல் வடிவம். விரல் எண்ணெய் மேல் குரோமியம் படிந்தால் கண்ணாடியைப் பிடிக்க வழியேது? மேலே தங்கம் மின்னும், அடியில் பிடிப்பு இருக்காது.

எனக்கு வியர்த்தது. அன்றைக்கு, கழுவி வைத்த வில்லைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்தது யார்? அதுவும் வாசலில் மிளகாய் பஜ்ஜி தின்ற கையோடு?

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டு, முதலாளி முன்னால் நின்றேன். "சார், கட்டைவிரல் என்னுது."

மெமோ கிழிந்தது. திட்டு மட்டும் என் கணக்கில் பற்று!