பழைய லேண்ட் ரோவர்: துரு உள்ளேயிருந்துதான் தின்னும்

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் இன்றும் மூட்டை சுமக்கும் பழைய லேண்ட் ரோவரை வாங்கி, வீட்டிலேயே புதுப்பிக்க ஆசைப்படுவோர் நம்மில் உண்டு. அதன் வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியம், துருப் பிடிக்காது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வண்டியைத் தாங்கும் சேசிஸ் இரும்பு. பெட்டிபோல் மூடிய அதன் உட்புறத்தில் சேறும் மழைநீரும் தேங்கி, வெளியே சாயம் பளபளக்கும்போதே உள்ளே அரித்துவிடும்.

ஆகவே சாயம் வாங்கும் முன் சிறு சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. சத்தம் மந்தமாக இருந்தாலோ தகடு உள்வாங்கினாலோ அப்பகுதியை வெட்டிவிட்டுப் புது இரும்பைப் பற்றவைக்க வேண்டும். பின்புறக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், ஓட்டுநர் கால் வைக்கும் தகடு ஆகியவற்றை இரண்டு முறை பாருங்கள். புட்டி பூசி மறைத்த சேசிஸ் மலைச்சாலை இறக்கத்தில் உயிருக்கே உலை வைக்கும். பற்றவைப்பை அனுபவமுள்ள பட்டறையிடம் விடுங்கள். அதற்கு முன் பெட்ரோல் தொட்டியைக் கழற்றிவிட வேண்டும்.

மேல்துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கலாம். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும், முகக்கவசம் அவசியம். சேசிஸ் எண்ணில் கிரைண்டர் படவே கூடாது. அழிந்தால் உரிமை மாற்றப் பரிசோதனையில் தலைவலிதான். நன்றாகக் காய்ந்தபின் துத்தநாக பிரைமர், அதன்மேல் சாயம். சேசிஸ் உட்புறத்துக்கு நீண்ட குழாய் வழியாக மெழுகுக் கலவையைத் தெளியுங்கள். நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். நம்மூர் மழைக்கு ஆண்டுக்கொரு முறையாவது மெழுகைப் புதுப்பிக்க வேண்டும்.